நாடி பார்க்கப் போன படகு

"பச்சை போட்டாச்சு. உன் இன்னொரு வீட்டுக்காரர் உத்தரவு கொடுத்துட்டாரு" என்று சொல்லிக்கொண்டே ரெமிஜியுஸ் அடுப்படிக்குள் வந்து பிரிஸ்காவின் தோளில் முகவாயை வைத்துக்கொண்டான்.

இன்னொரு வீட்டுக்காரர் என்று அவன் சொன்னது நாடியை. முத்துராயன்துறை ஜெட்டியை ஒட்டிய வெள்ளைக் கட்டடத்தில் இருந்த கணினி அது. எதிர்க்கரை அரசின் மனதில் என்ன இருக்கிறது என்று கணித்துச் சொல்வது அதன் வேலை. அந்தக் கரையின் அமைச்சர்கள் பேசும் பேச்சு, ரோந்துப் படகுகளின் நடமாட்டம், அவற்றுக்கு நிரப்பப்படும் டீசல், அங்கே வரப்போகும் தேர்தல் என்று கிடைத்ததையெல்லாம் விழுங்கிவிட்டு, விடியும்போது ஜெட்டிப் பலகையில் ஒரு நிறத்தையும், எந்தப் படகு எந்தத் திசையில் போகலாம் என்பதையும் காட்டும். பச்சை என்றால் படகுகளுக்கு டோக்கன் கிடைக்கும். சிவப்பு என்றால் யாரும் நகர முடியாது.

எல்லாம் கழுகுத்திட்டுக்காக. நடுக்கடலில் ஒரு மணல்மேடு. ஒரு வெற்றிலையை மென்று முடிப்பதற்குள் சுற்றி வந்துவிடலாம். அதைத் தன்னுடையது என்று இந்தக் கரை அரசும் சொன்னது, அந்தக் கரை அரசும் சொன்னது. மீன் மட்டும் யாரையும் கேட்காமல் அதைச் சுற்றியே கிடந்தது.

பிரிஸ்கா நாடி அலுவலகத்தில் மொழி ஆய்வாளர். 'எங்கள் பொறுமைக்கும் எல்லை உண்டு' என்று எதிர்க்கரை அமைச்சர் ஒருவர் முழங்கினால், அது நிஜமான மிரட்டலா, உள்ளூர்க் கைதட்டலுக்காகச் சொன்னதா என்று காதால் பிரித்து நாடிக்குச் சொல்லிக்கொடுப்பாள். கைதட்டலுக்காகப் பேசுகிறவன் வாக்கியத்தின் முடிவில் ஒரு இடைவெளி விடுவான். அந்த இடைவெளியைக் கண்டுபிடிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

"என்ன யோசனை? தோசை கருகுது பாரு."

அவள் தோசையைத் திருப்பினாள். "நேத்து அந்தக் கடல்துறை அமைச்சர் பேச்சைக் கேட்டேங்க. மெதுவாப் பேசினான். எங்கேயும் நிறுத்தவே இல்ல. சரியாப் படல எனக்கு. நிஜ மிரட்டல்னுதான் குறிப்புப் போட்டேன். சிவப்பு வரும்னு நினைச்சேன்."

"அப்ப நான் போக வேண்டாமா?"

கேலியாகக் கேட்கவில்லை அவன். நாடி வருவதற்கு முன்னால் ஒரு தடவை எதிர்க்கரைக்காரர்களிடம் மாட்டி, எச்சரிக்கையோடு திரும்பியவன். இரண்டாம் தடவை மாட்டினால் எச்சரிக்கை கிடையாது. இரண்டு வருஷம் சிறை, படகும் போய்விடும். திரும்பி வந்த பிறகு பல மாதம் கடல் பக்கமே போகாமல், ஐஸ் கம்பெனியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். 'பச்சை நாளில் மட்டும் போங்க, நான்தானே உள்ளே இருக்கேன்' என்று அவனைத் தேற்றிப் படகேற்றியவள் பிரிஸ்காதான். அதன் பிறகு பச்சை ஒரு நாளும் அவனை ஏமாற்றவில்லை.

"நான் கேட்டது ஒரு பேச்சுதான். அது ஆயிரம் விஷயத்தைப் பார்த்துட்டுச் சொல்லுது" என்றாள். "போயிட்டு வாங்க."

"சம்சாரம் சொன்னா சரிதான். மிஷின் சொன்னாலும் நான் உன்னைக் கேட்டுட்டுத்தானே போறேன்?" அவளுடைய பழைய ஆரஞ்சுத் துப்பட்டாவை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டான். வெயிலுக்கு அவனுக்கு வேறு எந்தத் துணியும் பிடிக்காது. "கணவா மீன் கிடைச்சா கொண்டாறேன். உன் தோசையைக் கருக விட்ட மாதிரி அதையும் கருக்கிடாத."

அவள் கரண்டியை ஓங்க, அவன் ஓடிவிட்டான்.

அன்று முற்பகல் அலுவலகத்தின் பெரிய திரையில் அந்தத் துப்பட்டாவைத்தான் அவள் முதலில் பார்த்தாள்.

அலுவலக டிரோன் அனுப்பிய படம் அது. கழுகுத்திட்டுக்குப் பின்னாலிருந்து இரண்டு ரோந்துப் படகுகள் வெள்ளையாக நுரை கிளப்பிக்கொண்டு வந்தன. நம்முடைய விசைப்படகுகள் ஏழெட்டு அங்கே மடியை இறக்கி இழுத்துக்கொண்டிருந்தன. கடலடியில் இழுபடும் அந்தப் பெரிய வலைப்பை நங்கூரத்துக்குச் சமம். அது தொங்கும்வரை படகால் ஓட முடியாது. சிலர் எதையோ வைத்து அறுத்துவிட்டு ஓடினார்கள். ரெமிஜியுஸின் படகால் முடியவில்லை. பக்கத்துப் படகாலும் முடியவில்லை. ஓட்டும் அறையிலிருந்து ஆரஞ்சு நிறத் தலை ஒன்று வெளியே வந்து, இரண்டு கைகளையும் மேலே தூக்கியது.

பிரிஸ்கா எழுந்து நின்றாள். அறையில் வேறு யாரும் எழுந்திருக்கவில்லை. யாரும் 'ஐயோ' என்றுகூடச் சொல்லவில்லை. எல்லோரும் தேர்வு முடிவு பார்க்கிறவர்களைப் போலத் திரையையே பார்த்தார்கள். திரையின் கீழே காலையிலிருந்து 'நோக்கம்: தெளிவில்லை' என்று இருந்த வரி, 'நோக்கம்: தெளிவு' என்று மாறியது.

"நல்லது" என்றார் அலுவலகத் தலைவர் திருமூர்த்தி. கையில் டீ டம்ளர் இருந்தது. பிறகுதான் பிரிஸ்கா நிற்பதைப் பார்த்தார். அவர் முகம் சட்டென்று மாறியது. "நீங்க வீட்டுக்குப் போங்கம்மா. சில சமயம் கணிப்பு தப்பிடும். ரொம்ப வருத்தமா இருக்கு."

அவள் அதை நம்பினாள். நாடி தப்புச் செய்துவிட்டது, தன்னுடைய குறிப்பில் ஏதோ குறை, தான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டு ஜெட்டிக்கு ஓடினாள்.

ஜெட்டியில் ரெமிஜியுஸின் அக்கா டெல்மா இடுப்பில் கை வைத்து நின்றாள். மீனவப் பெண்கள் சங்கத்தின் தலைவி. அவள் குரல் எழுந்தால் ஏலக்காரன் வாய் மூடிவிடும்.

"வா புள்ள வா. அரசாங்கத்து மகாராணி. என் தம்பியை ஐஸ் கம்பெனியில இருந்து நீதானே கிளப்பிக் கொண்டுபோய் விட்ட? பச்சை, பச்சைன்னு?"

"மைனி..."

"மைனியும் கிடையாது, மயிரும் கிடையாது. பதினோரு பேரு! ரெண்டு படகு! உன் நாடி சோசியக்காரனை வெளிய கூப்பிடு, நான் அவனுக்குக் கைரேகை பார்க்கிறேன்."

தப்பி வந்த படகின் ஓட்டுநர் அல்போன்சு கட்டைச் சுவரில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். "மதினியைத் திட்டாதக்கா" என்றான். "தப்பு எங்க மேலயும் இருக்கு. கோடாலிக்காரனை நிறுத்தல."

அந்தத் துறையில் அது பழைய வழக்கம். திட்டுப் பக்கம் மடி இறக்கினால், கயிற்றுக்குப் பக்கத்தில் ஒருவன் கோடாலியோடு நிற்பான். வேறு வேலை அவனுக்குக் கிடையாது. ரோந்துப் படகு தெரிந்த அந்த விநாடியே கயிற்றை வெட்ட வேண்டும். வலை போனால் போகட்டும், ஆள் திரும்புவான். நாடி வந்த பிறகு பச்சை நாட்களில் அந்த ஆள் வெட்டிச் செலவாகத் தெரிந்தான். முதலில் ஒரு படகு நிறுத்தியது. அப்புறம் எல்லாப் படகும். கோடாலிகள் ஐஸ் பெட்டிக்குப் பின்னால் போய் விழுந்தன.

"சமையல் கத்தியை வச்சு அறுத்தோம் நாங்க" என்றான் அல்போன்சு. "ரெமி அண்ணன் படகுல கயிறு புதுசு. அறுபடல."

டெல்மா மூக்கைச் சிந்தினாள். அழுகையை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று அவளுக்கு எப்போதும் ஒரு வீம்பு. "எல்லாம் சரிடா. எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. நீங்க திட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே அங்க டிரோன் நின்னுச்சுன்னு சொன்னியே?"

"ஆமாக்கா. நாங்க போய்ச் சேரும்போதே தலைக்கு மேல நின்னுச்சு. பச்சை நாள்ல எதுக்கு டிரோன்னு ரெமி அண்ணனே கேட்டாரு. வழக்கமா யாராவது மாட்டினப்புறம்தானே வரும்?"

டெல்மா பிரிஸ்காவின் பக்கம் திரும்பினாள். இப்போது குரலில் திட்டு இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஒண்ணும் நடக்காத இடத்துல எதைப் படம் எடுக்கறதுக்கு முன்னாடியே போய் நின்னுச்சு, புள்ள?"

அந்த அறையும், எழுந்திருக்காத மனிதர்களும், 'நல்லது' என்ற ஒரு சொல்லும் பிரிஸ்காவுக்கு மறுபடி நினைவுக்கு வந்தன. அந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்த இடைவெளியும் இருக்கவில்லை. நிஜமாகவே சொன்னது அது.

மறுநாள் திருமூர்த்தியின் அறைக்குள் அவள் கதவைத் தட்டாமல் போனாள்.

கெட்டவர் என்று அவரை யாரும் சொல்ல மாட்டார்கள். பிரிஸ்காவின் கல்யாணத்துக்கு வந்து, பந்தியில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டு, மாப்பிள்ளையிடம் கடல் கதை கேட்டுவிட்டுப் போனவர்.

"உட்காருங்க பிரிஸ்கா."

"நின்னுக்கறேன். டிரோனை முன்கூட்டியே அனுப்பச் சொன்னது யார் சார்?"

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். பொய் சொல்லலாமா என்று யோசித்து, வேண்டாமென்று முடிவு செய்தவர்போல் பெருமூச்சு விட்டார்.

"நாடி தப்புப் பண்ணல. உங்க குறிப்பும் தப்பில்ல. நீங்க மிரட்டல்னு சொன்னீங்க. ஆனா அவங்க ரோந்து குறைஞ்சிருந்தது, டீசலும் நிரப்பல. பாதி இப்படி, பாதி அப்படி. நாடிக்குத் தெரியல. அவ்வளவுதான்."

"தெரியலைன்னா சிவப்புதானே போடணும்?"

"சிவப்புப் போட்டா யாரும் போக மாட்டாங்க. யாரும் போகலைன்னா, போயிருந்தா அவங்க என்ன செஞ்சிருப்பாங்கன்னு நமக்குக் கடைசிவரைக்கும் தெரியாது. தெரியாத நாளைத் தெரியாமலே விட்டுட்டா நாடி எப்படிக் கத்துக்கும்?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் அவர் வாயால் கேட்க வேண்டும் என்று தோன்றியது. "அப்ப தெரியாத நாள்ல?"

"பச்சை" என்றார். "எல்லாருக்கும் இல்ல. கொஞ்சம் படகுக்கு மட்டும் திட்டுப் பக்கம். மத்தவங்களை வடக்கே அனுப்பிடும்."

"அந்தக் கொஞ்சத்துல என் வீட்டுக்காரர்."

"பெயர் பார்த்து அனுப்பறதில்லம்மா. சத்தியமா. அதுல பாரபட்சமே கிடையாது."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. பிரிஸ்காவுக்கு உள்ளங்கால் முதல் உச்சிவரை எரிந்தது. பாரபட்சம் பார்க்காமல் தூண்டிலில் கோத்ததற்கு நன்றி சொல்ல வேண்டுமா?

"ஒரு அரசோட மனசு அது பேசற பேச்சுல இருக்காது, பிரிஸ்கா. உங்களுக்கே தெரியும். எதையாவது கொண்டுபோய் அதுக்கு முன்னாடி நிறுத்தணும். அப்பத்தான் சுடுமா, பிடிக்குமா, விட்டுடுமான்னு தெரியும். அடுத்த மாசம் திட்டு விஷயமாப் பேச்சுவார்த்தை. கண்ணைக் கட்டிட்டுப் போய் உட்கார முடியுமா? நேத்து அவங்க சுடல. பிடிச்சாங்க. அப்படின்னா பேரத்துக்குத் தயாரா இருக்காங்கன்னு அர்த்தம். இது தெரியாம நம்ம கப்பற்படையை அனுப்பியிருந்தா ஒரு சண்டையே வந்திருக்கும். எத்தனை பேர் செத்திருப்பாங்க?"

"ஒரு காலிப் படகை அனுப்பிப் பார்த்திருக்கலாமே?"

"அவங்களும் முட்டாள் இல்லையே. நிஜ மீனவன் நிஜமா மீன் பிடிக்கணும்."

"நிஜமா மாட்டவும் செய்யணும்." ஒரு நினைப்பு வந்து அவள் நின்றாள். அதைக் கேட்கவே நாக்கு கூசியது. "கோடாலிக்காரன் நிக்கறதில்லைன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

திருமூர்த்தி மேசையைப் பார்த்தார்.

"தெரியுமா?"

"அந்த ஆளுங்க நின்ன காலத்துல எதையும் அளக்க முடியல" என்றார் தாழ்ந்த குரலில். "தூரத்துல பார்த்ததுமே வெட்டிட்டு ஓடிடுவாங்க. அவங்க பிடிக்க வந்தாங்களா, சும்மா அந்தப் பக்கமா வந்தாங்களான்னே தெரியாது. ஜனங்க பலகையை நம்ப ஆரம்பிச்ச பிறகுதான்..."



நம்ப வைத்தது யார்? வீடு வீடாகப் போய் நாடியைப் பற்றி விளக்கியது யார்? மாதா கோயில் வாசலில் மைக் பிடித்து, 'பச்சை நாளில் பயம் வேண்டாம்' என்று பேசியது யார்? கைதட்டலுக்கு இடைவெளி விடாமல், மனதாரப் பேசினாளே பிரிஸ்கா! அதற்காகத்தான் அவளை வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். மொழி தெரிந்தவர்கள் நகரத்தில் நூறு பேர் கிடைப்பார்கள். துறைமுகம் நம்பும் மருமகள் ஒருத்திதான்.

"பலகையில எங்கேயாவது 'பாதுகாப்பு'ன்னு எழுதியிருக்கா?" என்றார் திருமூர்த்தி, கடைசிப் பிடிமானத்தைப் பற்றிக்கொள்கிறவர்போல. "'செல்லலாம்'னுதான் இருக்கு. சட்டம் தெரிஞ்சவங்க பார்த்து எழுதின வார்த்தை அது."

"தூ" என்றாள் பிரிஸ்கா. அவருடைய தரைவிரிப்பில் துப்பவில்லை. சொல்லத்தான் செய்தாள். அவள் வாழ்க்கையில் ஒரு மேலதிகாரியிடம் சொன்ன முதல் மரியாதைக் குறைவான சொல் அது. அதற்காக அவள் கொஞ்சமும் வெட்கப்படவில்லை.

"கோபம் நியாயம்தான். ஆனா அவசரப்படாதீங்க. பேச்சுவார்த்தையில பிடிபட்டவங்க பெயரெல்லாம் வரும். மீட்கறதுல நம்ம அரசு உறுதியா இருக்கு. அறிக்கையைப் பார்த்தீங்கல்ல?"

பார்த்திருந்தாள். நம் அமைச்சர் மைக் முன்னால் நின்று, "மீனவர்களின் கண்ணீர் எங்கள் கண்ணீர்!" என்றார். பிறகு நிறுத்தினார். கை தட்டினார்கள்.

அந்த வாரக் கடைசியில் எதிர்க்கரைச் சிறையிலிருந்து ரெமிஜியுஸ் பேசினான். பக்கத்தில் காவலர் நிற்பது அவன் பேச்சின் விறைப்பிலேயே தெரிந்தது.

"சாப்பாடு பரவாயில்லை. உன் தோசைக்கு இது தேவலாம்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"இங்க ஒருத்தர் இருக்காரு, பிரிஸ்கா. வார்டர். நம்ம பாஷைதான். அவங்க அப்பாவும் கடலுக்குப் போறவராம். உங்க மடி எங்க வலையை எல்லாம் கிழிச்சுட்டுப் போகுதுடா, எங்களுக்கு மட்டும் வயிறு இல்லையான்னு திட்டினாரு. என்ன சொல்ல? நிஜம்தானே? திட்டிட்டு அவரே வெந்நீர் கொண்டாந்து கொடுத்தாரு." பிறகு குரலைத் தாழ்த்தினான். "உன் இன்னொரு வீட்டுக்காரர் ஏன் இப்படிப் பண்ணிட்டாரு? தப்பாக் கணக்குப் போட்டுட்டாரா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். அவனுக்கும் அது ஆறுதல். மிஷின்தானே, தவறும். இரண்டு வருஷமும் அதை நினைத்துத் தேற்றிக்கொள்வான். ஆனால் அவன் ஒவ்வொரு தடவையும் அவளைக் கேட்டுவிட்டுத்தான் படகேறினான்.

"இல்லீங்க" என்றாள். "அது தப்பே பண்ணல. அவங்க உங்களைப் பிடிப்பாங்களா மாட்டாங்களான்னு தெரியல. தெரிஞ்சுக்கத்தான் எங்க ஆபீசுல உங்களை அனுப்பியிருக்காங்க. எனக்கு அது தெரியாது. சத்தியமாத் தெரியாது."



"அப்ப நான் மீன் பிடிக்கப் போகல" என்றான் மிக மெதுவாக. "கொக்கியில இறாலைக் குத்தி விடுவோம்ல... அந்த இறாலு." அவன் கோபப்பட்டு அவள் கேட்டதே இல்லை. இப்போதும் கத்தவில்லை. "சுட்டிருந்தா? சுடுவாங்கன்னு தெரிஞ்சிருக்கும். நல்லதுன்னு எழுதிக்கிட்டிருப்பாங்க. இல்லையா?"

லைன் அறுந்தது.

வேலையை விட்டுவிடு என்றாள் அவள் அம்மா போனில். பத்திரிகைக்குப் போ என்றான் அல்போன்சு. பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். 'நாடியின் துல்லியம் குறையவில்லை: அதிகாரிகள் விளக்கம்' என்று ஒரு மூலையில் போட்டார்கள். பொய்யும் இல்லை அது.

பிரிஸ்கா வேலையை விடவில்லை. எப்போதும்போல் நாடியின் முன்னால் போய் உட்கார்ந்தாள். புதிய தரப்பு ஒன்றைச் சேர்ப்பது அவளுடைய அன்றாட வேலை. எதிர்க்கரையில் ஒரு புதுக் கட்சி வந்தால், புதுத் தளபதி வந்தால், அவர்களுடைய பேச்சுகளையும் செய்கைகளையும் அவள்தான் ஊட்டுவாள். நாடிக்கு நம்ம அரசு, அவங்க அரசு என்ற பேதம் கிடையாது. அதற்கு எல்லாம் அரசுதான்.

அன்று அவள் சேர்த்த தரப்பு, நம் அரசு.

ஒவ்வொரு முறை மீனவர் பிடிபட்டபோதும் நம் அமைச்சர்கள் என்ன பேசினார்கள் என்று தேடி எடுத்துக் கேட்டாள். இடைவெளிகளைக் குறித்தாள். 'வன்மையாகக் கண்டிக்கிறோம்' - கைதட்டலுக்கு. 'ஓயமாட்டோம்' - கைதட்டலுக்கு. பேசிய பிறகு என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்தாள். யார் எங்கே போனார், யாரைப் பார்த்தார், எதிர்க்கரை மணலில் நம் படகுகள் எத்தனை மழைக்கு நனைந்து மக்கிப்போயின. எரிச்சலில் எதையும் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. எதிர்க்கரைக்காரனுக்கு எவ்வளவு நியாயம் செய்வாளோ அவ்வளவு நியாயம் செய்தாள். கடைசியில் கேள்வியைக் கேட்டாள்: இந்தப் பதினோரு பேரையும் மீட்டுக் கொண்டுவரும் நோக்கம் இந்த அரசுக்கு உண்டா?

'இல்லை' என்று வரும் என்று நினைத்தாள். வந்ததும் அதை எடுத்துக்கொண்டு போய் டெல்மாவின் கையில் கொடுத்துவிட்டு, இந்தக் கட்டடத்துக்குள் இனி கால் வைப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

'நோக்கம்: தெளிவில்லை' என்றது நாடி.

மேசையில் ஓங்கி அடித்தாள். கை வலித்தது. இத்தனை வருஷம் இத்தனை கண்ணீர், இவ்வளவும் போட்ட பிறகும் தெளிவில்லையா? இந்தச் சனியனுக்கு வெட்கமே கிடையாதா? கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தெளிவில்லை என்றால் நாடி அடுத்து என்ன செய்யும் என்பது, கோபத்தில் அவளுக்கு நினைவே வரவில்லை.

விடிந்ததும் டெல்மாவின் போன்.

"ஏ புள்ள, உன் மிஷினுக்குக் கோட்டி பிடிச்சிருச்சா? இங்க வந்து பலகையைப் பாரு."

ஜெட்டியில் கூட்டமும் சிரிப்பும். பலகையில் பச்சை எரிந்தது. கீழே வழக்கம்போல் திசையும் இருந்தது. 'செல்லலாம். திசை: மேற்கு.'

"மேற்கே கடல் ஏதுடா? பஸ் ஸ்டாண்டுதான் இருக்கு."

"அங்க போய் மடியை விரிச்சா கண்டக்டர் மாட்டுவான்."

"பஸ் ஸ்டாண்டைத் தாண்டினா கலெக்டர் ஆபீசு. பெரிய மீனா இருக்கும்டா!"

பிரிஸ்கா பலகையைப் பார்த்தபடியே நின்றாள். ஒரு அரசின் மனம் தெரியவில்லை. தெரிய வேண்டுமானால் அதற்கு முன்னால் கொண்டுபோய் எதையாவது நிறுத்த வேண்டும். நாடிக்கு வேறு எதுவும் தெரியாது. அதற்குக் கற்றுக்கொடுத்ததை அது செய்திருக்கிறது, பாரபட்சம் இல்லாமல்.

கைப்பைக்குள் போன் அடித்தது. திருமூர்த்தி.

"என்ன காரியம் பண்ணியிருக்கீங்க! பலகையை அணைக்கச் சொல்லியிருக்கேன். ஜனங்களைக் கலைஞ்சு போகச் சொல்லுங்க. இத்தனை பேரைத் திரட்டிட்டு அங்க போனா என்ன நடக்கும்னு யாருக்கும் தெரியாதும்மா!"

"ஆமா சார்" என்றாள் பிரிஸ்கா. "தெரியாத நாள்ல பச்சை."

போனை அணைத்துவிட்டு, மீன் ஏலம் போடும் மேடைமேல் ஏறினாள். முன்பு மாதா கோயில் வாசலில் பேசிய அதே குரல்தான். இந்தத் தடவை அதில் நடுக்கம் இருந்தது. எல்லாவற்றையும் சொன்னாள். தெரியாத நாளுக்குப் பச்சை என்பதைச் சொன்னாள். கோடாலிக்காரன் இல்லாமல் போனது யாருக்கு வசதி என்பதைச் சொன்னாள். சிரிப்பு ஒவ்வொரு முகமாக அணைந்தது. தப்பி வந்தவர்களில் ஒருவன் தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். ஏல மேடைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண், பெயர் சொல்லி யாரையோ சபித்தாள்.

"நம்ம அரசு நம்ம ஆட்களை மீட்குமான்னு நான் கேட்டேன். அதுக்குத் தெரியல. போய் முன்னாடி நின்னு பாருங்கன்னு சொல்லுது" என்றாள். "போனா அடிக்கலாம். பிடிச்சு உள்ளே போடலாம். உட்கார வச்சுப் பேசவும் பேசலாம். எனக்குத் தெரியாது. பச்சை போட்டிருக்கு, பயம் வேண்டாம்னு இன்னிக்கு நான் சொல்ல மாட்டேன். பயம் இருக்கு. தெரிஞ்சு வர்றவங்க மட்டும் வாங்க."

யாரும் கை தட்டவில்லை.

டெல்மா சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "மீன் லாரியை எடுங்கடா" என்றாள். "எல்லாத்தையும் எடுங்க. ஏலத்துக்கு வந்த லாரியையும் சேர்த்து."

ஒன்றன்பின் ஒன்றாக லாரிகள் வந்து நின்றன. ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்டப் பெண்கள் ஏறினார்கள். அல்போன்சு ஏறினான். பிரிஸ்கா முதல் லாரியின் முன்பக்கப் படியில் கால் வைத்தபோது டெல்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ பின்னாடி வா. அரசாங்க வேலைக்காரி. முன்னாடி நின்னா முதல் அடி உனக்குத்தான் விழும்."

"அவரைப் போயிட்டு வாங்கன்னு சொன்னது நான்தான், மைனி" என்றாள் பிரிஸ்கா. "இன்னிக்கு யாரையும் அனுப்பப் போறதில்ல. நான் போறேன்."

டெல்மா அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு கையை விடாமலே, அவளை ஏற்றித் தானும் ஏறி, அவளுக்குப் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து கதவை அறைந்து சாத்தினாள்.

"விடுடா வண்டியை."